ஹரியற் பீச்சர் ஸ்ரோ: கதையால் நாட்டை அசைத்த அம்மையார்

சீவகசிந்தாமணியின் சுவையிலே சோழ மன்னன் அழுந்திக் கிடந்தான் என்றும், அவனை மீட்டற்பொருட்டே சேக்கிழார் பெருமான் தொண்டர் சரிதம் பாடினார் என்றும் நம்முன்னோர் ஒரு செய்தி வழங்கி வந்துள்ளனர். வரலாற்றாசிரியர் அதனை எவ்வாறு கொள்ளினும் ஆகுக. ஒரு கதையின் பிடியை இன்னொரு கதையாலன்றி அறுத்தல் அரிது என்பதை நம்மவர் உணர்ந்திருந்தமைக்கு அது போதிய சான்றாகும். தருக்கம் வாயிலில் நின்று தட்டும். கதையோ உத்தரவு கேளாமலே உட்புகுந்து அடுக்களையில் அமர்ந்துவிடும். இக்காலத்திலே பொருள் விற்போரும் வாக்குக் கேட்போரும் திரைப்படம் எடுப்போரும் இதனை நன்கறிந்து வைத்திருக்கின்றனர். இலக்கியங் கற்பிக்கும் எம்போன்றோரே கதையை வெறும் இன்பப் பொருளாகக் கருதித் தேர்வு வினாவோடு அமைந்துவிடுகின்றோம். ஆதலின், ஒரு கதையால் ஒரு பெருநாட்டையே அசைத்து, பின்னர் அக்கதை தம் கையை விட்டு நீங்கிப் போனமையையும் கண்டிருந்த ஓர் அம்மையாரின் வாழ்க்கையை ஈண்டு எழுத விழைகின்றேன்.

ஹரியற் பீச்சர் 1811ஆம் ஆண்டு ஆனி மாதம் 14ஆந் தேதி, அமெரிக்காவின் கொனெற்றிக்கற் மாநிலத்து லிச்பீல்ட் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் லைமன் பீச்சர், அந்நாளிற் பெயர்பெற்ற கிறித்தவப் போதகர். தாயார் றொக்ஸானா, ஹரியற்றுக்கு ஐந்து வயதாயிருந்தபோது, 1816இல், காலமானார். அதே 1816இலேதான் அப்புதிய இங்கிலாந்துப் பகுதியின் கிறித்தவ சபையார் அனுப்பிய அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர் என்பது நம்மவர்க்கு நினைவிருத்தல் வேண்டும். 1823இலே வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அதே ஆண்டிலே ஹரியற்றின் தமக்கையார் கதறின், ஹாட்போட் நகரில் மகளிர்க்கென ஓர் உயர்கல்விச்சாலை நிறுவினார். வேதாகம வாசிப்பு, பாவத்தைப் பற்றிய ஓயாத அச்சம், கல்வியில் தணியாத ஆர்வம் ஆகிய அதே காற்றைச் சுவாசித்தே ஹரியற்றும் வளர்ந்தார். தமக்கையாரின் பள்ளியிற் படித்து, அங்கேயே ஆசிரியையும் ஆனார்.

தந்தையார் லேன் இறையியற் கல்லூரியின் தலைவராக நியமனம் பெற்றமையால் 1832இலே குடும்பம் சின்சினாற்றி நகருக்குக் குடிபெயர்ந்தது. ஒகையோ ஆற்றின் வடகரையில் உள்ளது அந்நகர். தென்கரையிலோ கென்ரக்கி, அங்கே அடிமை முறை சட்டப்படி நிலவியது. ஆற்றைக் கடந்தால் மனிதன்; கடவாவிட்டால் உடைமை. இத்தகைய எல்லையிலே பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர்க்குக் கதைப்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. 1834இலே லேன் கல்லூரி மாணவர் அடிமை முறையைப் பற்றிப் பதினெட்டு நாள் வாதம் நடத்தினர். நிருவாகத்தார் அதனைத் தடைசெய்யவே மாணவரிற் பெரும்பாலோர் கல்லூரியை விட்டு வெளியேறினர். தந்தையார் இரு திறத்தாரையும் இணைக்க முயன்று ஒன்றிலும் வெற்றி காணவில்லை. வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஹரியற் தம் வீட்டு வாயிலிலிருந்தே கண்டார்.

1836இலே அக்கல்லூரிப் பேராசிரியரும் மனைவியை இழந்தவருமான கல்வின் ஸ்ரோவை மணந்தார். பிள்ளைகள் எழுவர். வருவாய் குறைவு. சமையல், தையல், நோய்ப் பராமரிப்பு ஆகியவற்றினிடையே சஞ்சிகைகளுக்குச் சிறு கட்டுரைகளும் கதைகளும் எழுதி வீட்டுச் செலவை ஈடுசெய்து வந்தார். 1849ஆம் ஆண்டு கோடையில் வாந்திபேதி நோய் சின்சினாற்றியைச் சூறையாடியது. ஒன்றரை வயதுக் குழந்தை சாள்ஸ் அதற்கு இரையாயிற்று. அச்சிறு கட்டிலருகே இருந்தபோதுதான், தன் குழந்தை ஏலத்தில் விலைப்பட்டுப் பிரிக்கப்படும் அடிமைத் தாயின் துயரம் இன்னதெனத் தாம் அறிந்ததாகப் பின்னாளில் அவர் எழுதினார். இதனை யான் ஐயுறுவதற்கில்லை. அவருடைய நூலின் வலிமை முழுவதும் இவ்வொரு மாற்றத்திலே, பிறர் துயரைத் தம் துயரின் வழியே நுழைந்து காணும் மாற்றத்திலே, அடங்கியுள்ளது. அதன் குறையும் அங்கேதான் தொடங்குகின்றது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1850ஆம் ஆண்டு குடும்பம் மேயின் மாநிலத்துப் பிறன்ஸ்விக் என்னும் ஊருக்குச் சென்றது. அவ்வாண்டு புரட்டாதியிலே தப்பியோடிய அடிமைகளைப் பற்றிய புதிய சட்டம் நிறைவேறியது. தப்பி வந்தவருக்கு உணவோ உறைவிடமோ கொடுத்தோர்க்கு 1,000 டொலர் வரை தண்டமும் ஆறுமாதம் வரை சிறையும் உண்டு. பிடிபட்டவர் தமக்காகச் சாட்சி கூறவும் இயலாது. யூரி விசாரணையும் இல்லை. விசாரிக்கும் அதிகாரி அவரை அடிமையெனத் தீர்த்தால் 10 டொலரும், விடுவித்தால் 5 டொலரும் கூலியாகப் பெறுவர். இக்கணக்கைப் படிக்கும்போது எவருக்கும் மனம் கொதிக்கும் என்றே நாம் நினைப்போம். ஆயின் கொதிக்கவில்லை. சட்டத்தை எதிர்த்துத் துண்டுப்பிரசுரங்களும் சொற்பொழிவுகளும் மலிந்திருந்தன; வடபகுதி மக்களிற் பெரும்பாலோர் அவற்றைக் கேட்டுவிட்டு உறங்கப் போயினர். ஏறத்தாழ 32 இலட்சம் மாந்தர் அடிமைகளாக இருந்த நாடு அது. இலட்சம் என்ற எண் கண்ணீர் வருவிப்பதில்லை.

1851ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, தேவாலயத்தில் வழிபாட்டின்போது, கசையடியுண்டு இறக்கும் முதிய அடிமை ஒருவனின் காட்சி ஹரியற்றின் மனக்கண்முன் தோன்றிற்று. வீடு சென்று அதனை எழுதினார். கதையின் முடிவு முதலில் வந்தது. தொடக்கம் பின்னர் வந்தது. வாஷிங்ரன் நகரிலிருந்து வெளிவந்த அடிமையெதிர்ப்பு வாரப் பத்திரிகையொன்றிலே 1851 ஆனி 5ஆந் தேதி ‘ரொம் மாமாவின் குடிசை’ தொடர்கதையாகத் தொடங்கியது. மூன்று நான்கு வாரங்களில் முடியும் என எண்ணியது 1852 சித்திரை முதல் நாள் வரை நீண்டது. நூலாக வெளிவந்தது 1852 பங்குனி 20ஆந் தேதி, பொஸ்ரனில். முதல் வாரத்திலே பதினாயிரம் படிகளும், முதலாண்டிலே அமெரிக்காவில் மூன்று இலட்சம் படிகளும் விற்றன. பிரித்தானியாவில் பத்து இலட்சத்துக்கும் மேல். அங்கு விற்றவற்றிற் பெரும்பாலானவை உரிமம் பெறாத பதிப்புகளே. நாடுகளுக்கிடையே பதிப்புரிமை இல்லாத காலம் அது. அமெரிக்காவிலேயும், தம் நூலை அனுமதியின்றி ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டவர்மீது 1853இல் அவர் தொடுத்த வழக்கிலே, மொழிபெயர்ப்பு மூலநூலின் படியாகாது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதை உலகுக்குரியதாயிற்று, ஆசிரியர்க்கு அதன்மேல் அதிகாரம் இல்லையென்பதையும் அத்தீர்ப்பே முதலில் உணர்த்திற்று.

கதையைப் படியாதோர் பலர் அதன் தலைவனைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கின்றனர். வெள்ளையர்க்கு வாலாட்டி வாழும் கூனிய கிழவன் என்பதே அது. ஆங்கில வழக்கில் அப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. மாணவர்க்கு யான் நூலை முழுமையாகப் படிக்கும்படி கூறுவது இதனாலேதான். நூலிலுள்ள ரொம் அகன்ற மார்பும் உறுதியான உடலும் படைத்தவன். சிறு பிள்ளைகளின் தந்தை. அவனை அடித்துக் கொல்லுவிப்பவன் லெக்றீ என்னும் தோட்ட முதலாளி. கொல்லுவிப்பதற்குக் காரணம், தப்பியோடிய இரு பெண்கள் மறைந்திருக்கும் இடத்தை ரொம் கூற மறுத்தமையே. கூறியிருந்தால் உயிர் பிழைத்திருப்பான். இதனைப் பணிவு என்று சொல்லுவோர் பணிவு என்ற சொல்லுக்குப் பொருள் தேட வேண்டும். இன்னொன்றும் காண்க: கொடியவனாகிய லெக்றீ வடபகுதியிற் பிறந்தவன்; இரக்கமுள்ள எசமானாகிய சென்ற் கிளெயர் தென்பகுதி வாசி. நல்லவன் கீழும் அடிமை முறை கொடிதே என்று காட்டுவதே ஆசிரியரின் கருத்து. வடக்கு நல்லது, தெற்குத் தீயது என்று பிரித்துரைக்க அவர் முயலவில்லை.

ஆயின் நூலிற் பழுதில்லை என்று சொல்ல யான் முன்வரேன். கறுப்பின மக்கள் இயல்பாகவே மென்மையும் பத்தியும் குழந்தைத்தன்மையும் உடையர் என்று ஆசிரியர் தம் வாயாலேயே இடையிடையே விரிவுரை செய்கின்றார். எதிர்த்துப் போராடும் ஜோர்ஜ் ஹரிஸ் என்பவனுக்கு வெள்ளைக் குருதி கலந்த நிறத்தையே கொடுக்கின்றார். கதை முடிவில் அவனை ஆபிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பிவிடுகின்றார். விடுதலையானவர் தாம் பிறந்த நாட்டில் வாழ இடமில்லையா என்று கறுப்பினத் தலைவர்கள் அன்றே வினவினர். பிரெடரிக் டக்ளஸ் நூலை மனமாரப் பாராட்டியும், குடியேற்றக் கருத்தை ஏற்க மறுத்தார். மாட்டின் டிலேனி இன்னுங் கடுமையாகப் பேசினார். பிறர் துயரைத் தம் துயரின் வழியே காண்பவர், தம் உள்ளத்தில் உள்ள அளவே காண்பர்.

இதனை இன்னும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஹரியற் ஜேக்கப்ஸ் என்னும் பெண்மணி அடிமையாகப் பிறந்து, ஒரு சிறு பரணறையிலே ஏறத்தாழ ஏழாண்டுகள் ஒளிந்திருந்து, தப்பி வடக்கே வந்தவர். தம் வரலாற்றை எழுத உதவுமாறு 1853இலே நண்பர் ஒருவர் மூலம் ஸ்ரோ அம்மையாரை நாடினார். அம்மையாரோ அச்செய்தி மெய்யாவென அறியும்பொருட்டு, ஜேக்கப்ஸ் பணிபுரிந்த வீட்டுத் தலைவிக்கே அக்கடிதத்தை அனுப்பிவிட்டார். எசமானிக்கு இதுவரை சொல்லாதிருந்த அந்தரங்கம், பிள்ளைகளின் தந்தை ஒரு வெள்ளையர் என்பது, அவ்வாறு வெளிப்பட்டது. மேலும் அவ்வரலாறு மெய்யாயின் தாம் எழுதிக்கொண்டிருந்த நூலிலே அதனைச் சேர்த்துக்கொள்வதாகவும் தெரிவித்தார். ஜேக்கப்ஸ் மனம் நொந்தார். தம் கதையைத் தாமே எழுதத் துணிந்தார். பிறர் பிள்ளையைப் பராமரித்துக்கொண்டே இரவு வேளைகளில் எழுதிய அந்நூல் 1861இல் வெளிவந்தது. அடிமைகளின் துயரை உலகறியச் செய்தவர், அத்துயரை அனுபவித்தவரே நேரில் வந்து நின்றபோது, அவரைக் கதைப்பொருளாகவே கண்டார். நல்லெண்ணம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அதுவே இதனை மன்னிக்க அரிதாக்குகின்றது என்பது என் கருத்து.

சேர்த்துக்கொள்ள விரும்பிய அந்நூல் ‘ரொம் மாமாவின் குடிசைக்கு ஒரு திறவுகோல்’ என்பது. கதை முழுவதும் பொய் எனத் தென்பகுதியார் கூவியமையால், ஏல அறிவித்தல்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தொகுத்து 1853இல் அதனை வெளியிட்டார். அவற்றிற் பலவற்றை அவர் கதை எழுதிய பின்னரே தேடிக் கற்றார். கதைக்குச் சான்று பின்னர் வந்தது. எனினும் அச்சான்றுகள் கதையைவிடக் கொடியனவாயிருந்தன. மறுபுறத்தார் சான்றோடு நிற்கவில்லை. அடிமைகள் எசமான் நிழலில் இன்பமாக வாழ்வதாகக் கூறும் எதிர்க்கதைகள் இருபதுக்கும் மேல் பத்தாண்டுகளில் எழுதப்பட்டன. சாமுவேல் கிறீன் என்ற கறுப்பினப் போதகர், விடுதலை பெற்ற குடிமகன், ஸ்ரோ அம்மையாரின் நூலை வீட்டில் வைத்திருந்தமைக்காக 1857இலே மேரிலாந்தில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மாநிலத்தை விட்டு நீங்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு 1862இலேயே விடுவிக்கப்பட்டார். ஒரு நாவலைக் கண்டு ஓர் அரசு இவ்வளவு நடுங்கியமைக்கு வேறெடுத்துக்காட்டு எளிதிற் கிடைக்காது.

1853இலே அம்மையார் பிரித்தானியா சென்றார். அடிமை முறையை ஒழிக்குமாறு அமெரிக்கப் பெண்டிரை வேண்டி, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரித்தானியப் பெண்கள் ஒப்பமிட்ட மனு 26 பெருந் தொகுதிகளாக அவர் கையிற் கொடுக்கப்பட்டது. வரவேற்புக் கூட்டங்களில் அவர் வாய் திறக்கவில்லை. ஆடவர் கூடிய அவையிலே பெண் பேசுதல் ஆகாது என்பது அன்றைய வழக்கம். கணவரோ தம்பியோ அவருக்காக மறுமொழி கூறினர். பத்து இலட்சம் வீடுகளிற் பேசிய அம்மையார் மேடையில் ஊமையாய் இருந்தார். சதர்லாந்துக் கோமாட்டி தம் மாளிகையில் விருந்தளித்து, அடிமை விலங்கின் வடிவில் ஆக்கிய பொற்காப்பு ஒன்றை அணிவித்தார். அக்கோமாட்டியின் குடும்பத்தார் தாமே ஸ்கொத்லாந்து மலைநாட்டிலே குடியானவரை ஆயிரக்கணக்கில் நிலத்தைவிட்டு வெளியேற்றி ஆட்டுப்பட்டி அமைத்தவர்கள். அம்மையார் 1854இல் எழுதிய பயண நூலிலே, அவ்வெளியேற்றம் மக்கள் நலத்துக்கே நடந்தது என விருந்தளித்தோர் சொன்ன கதையை அப்படியே எடுத்துரைத்தார். அவ்வாறு வெளியேற்றப்பட்ட டொனால்ட் மக்லவுட் என்னும் கற்றச்சர், அம்மையாரின் நூற்பெயரைத் தலைகீழாக்கி, இருண்ட நினைவுகள் என்ற பொருள்படும் நூலை 1857இலே வெளியிட்டு மறுத்தார். கதை சொல்வதில் வல்லவர் கதைக்கு மயங்கார் என்று யாரும் எண்ண வேண்டா.

இனி நூலின் இரண்டாம் பிறவியைப் பார்ப்போம். நாவல் முடிந்த ஆண்டிலேயே ஆசிரியரின் அனுமதியின்றி அது நாடகமாயிற்று. தடுக்கச் சட்டமில்லை. கரி பூசிய வெள்ளை நடிகர் கறுப்பினத்தவராக ஆடினர். பாட்டும் கோமாளிக்கூத்தும் சேர்ந்தன. உயிருள்ள வேட்டைநாய்களைக்கூடப் பிற்காலத்தார் மேடையேற்றினர். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஊரூராகச் சென்ற இக்கூத்துகளை, நூலைப் படித்தோரினும் மிகப் பலர் பார்த்தனர். ரொம் கிழவனானதும் கூனியதும் அங்கேதான். கனடாவுக்குத் தப்பிச் சென்று, தம்மவர்க்கு ஊரும் பள்ளியும் அமைக்கப் பாடுபட்ட ஜோசையா ஹென்சன் என்பவரின் தன்வரலாறு 1849இல் வெளிவந்தது. அம்மையார் அதனைத் தம் கதைக்கு ஆதாரங்களுள் ஒன்றாகக் குறித்தமையால், உண்மையான ரொம் மாமா என்ற பட்டம் அவருக்குச் சூட்டப்பட்டது. தப்பித்துப் பிழைத்த ஒரு தலைவர், தப்பாமல் இறந்த ஒரு கற்பனை மாந்தரின் பெயரால் எஞ்சிய நாளெல்லாம் அழைக்கப்பட்டார்.

இதனினும் கொடிய விளைவொன்று உண்டு. 1901இலே இந்நாடகங்களுள் ஒன்றைப் பார்த்துச் சினங்கொண்டார் தோமஸ் டிக்சன் என்னும் தென்பகுதிப் போதகர். கதைக்குக் கதையே மருந்தெனத் தெளிந்து, 1902இல் ஒரு நாவல் எழுதினார். அம்மையாரின் லெக்றீயையே அதிற் பாத்திரமாக எடுத்தாண்டார். 1905இல் எழுதிய ‘கிளான்ஸ்மன்’ என்னும் அடுத்த நாவல், கறுப்பினத்தாரைக் கொடியோராகவும், அவரை அச்சுறுத்திக் கொலைசெய்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரை வீரராகவும் காட்டிற்று. 1915இலே கிறிபித் அதனை ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்ற திரைப்படமாக்கினார். படத்தின் திறமையை எவரும் மறுத்தற்கில்லை. அதுவே அதன் நஞ்சு. சிதைந்து மறைந்திருந்த அக்கூட்டம் அவ்வாண்டுக் கார்த்திகையில் ஜோர்ஜியாவின் கல்மலை ஒன்றில் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. அங்கே எரியும் சிலுவை நாட்டினர். பழைய கூட்டத்தார் சிலுவை எரித்ததில்லை. அச்சடங்கு டிக்சனின் நாவலிலிருந்து வந்தது. புனைந்து எழுதிய ஒன்றை மனிதர் மெய்யாகவே செய்தனர். 1920களில் இலட்சக்கணக்கானோர் அக்கூட்டத்திற் சேர்ந்தனர். சேக்கிழார் கதையோடு தொடங்கிய யான், அம்மருந்து நஞ்சாகவும் வழங்கப்படும் என்பதையும் சொல்லாது விடுதல் முறையன்று.

அம்மையார் இவற்றைக் காண உயிரோடில்லை. அவர் கண்டவை வேறு. 1857இலே மூத்த மகன் ஆற்றில் மூழ்கி இறந்தான். உள்நாட்டுப் போரில் 1863இலே காயமுற்ற இன்னொரு மகன், குடிக்கு அடிமையாகி, 1871இல் சான்பிரான்சிஸ்கோ சென்று காணாமற் போனான். 1862இலே வெள்ளை மாளிகையில் லிங்கனைச் சந்தித்தார். இப்பெரும் போரை மூட்டிய சிறு பெண்மணி இவரோ என்று லிங்கன் வியந்ததாக யாவரும் கூறுவர், பாடநூல்களிலும் காணலாம். ஆயின் அக்காலத்து எழுத்து எதிலும் அது இல்லை. பல்லாண்டுகள் கழித்தே, குடும்பத்தாரும் நண்பரும் வாயிலாக அச்சேறியது. கதை சொன்னவரைப் பற்றியும் நாம் கதையே சொல்லுகின்றோம்.

1869இலே ஒரு சஞ்சிகைக் கட்டுரையால் அவர் தம் பெயரையே பணயம் வைத்தார். கவிஞர் பைரன், ஒரு தந்தைக்கும் இரு தாயர்க்கும் பிறந்த தம் சகோதரியோடு தகாத உறவு கொண்டிருந்தார் எனப் பைரனின் மனைவியார் தமக்கு உரைத்ததை வெளியிட்டார். பைரனின் காதலி ஒருவர் எழுதிய நூல் அம்மனைவியைப் பழித்தமையே அதற்குக் காரணம். இறந்த தோழியின் மானத்தைக் காக்கவே எழுதினார். இரு கரைகளிலும் பழி மழை பெய்தது. அச்சஞ்சிகை ஏறத்தாழ 15,000 சந்தாதாரரை இழந்தது என்பர். பின்வந்த ஆய்வாளர் பலர் அவர் கூற்று உண்மையாகவே இருத்தல் கூடும் எனக் கொள்வர். எனினும் மக்கள் பைரனைப் பற்றித் தம்முள் வைத்திருந்த கதை வேறு. அதனை அசைக்க அம்மையாரின் பெயரும் போதவில்லை. கற்பனையைச் சொன்னபோது உலகம் அவரை நம்பியது. கேட்டதை உள்ளவாறு சொன்னபோது தூற்றியது.

இறுதி ஆண்டுகளை ஹாட்போட் நகரிலே கழித்தார். மார்க் ருவெயின் அயல்வீட்டுக்காரர். கணவர் 1886இல் மறைந்தார். பின்னர் அம்மையாரின் நினைவு மெல்ல மெல்ல மங்கியது. அயலவர் தோட்டங்களிற் புகுந்து பூப்பறித்துத் திரிவார். ‘ரொம் மாமாவின் குடிசை’யைத் தாம் எழுதவில்லை, கடவுளே எழுதினார் என்று முன்னரே பலரிடம் சொல்லிவந்தவர் அவர். 1888இலே வாஷிங்ரன் நகரப் பத்திரிகையொன்று ஒரு செய்தி வெளியிட்டது. அம்மையார் மீண்டும் மேசையருகே அமர்ந்து நாவல் எழுதத் தொடங்கியிருக்கின்றார்; எழுதுவது ‘ரொம் மாமாவின் குடிசை’யே; முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் அச்சான பகுதிகளை ஏறக்குறைய எழுத்துக்கெழுத்து அவ்வாறே, அப்போதுதான் தம் உள்ளத்தில் உதித்தவை எனக் கருதி எழுதிச் செல்லுகின்றார் என்பது அச்செய்தி. அவர் 1896 ஆடி முதல் நாள், எண்பத்தைந்தாவது வயதிலே காலமானார்.